பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

சென்ற வாரம் மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க, திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா சாயப்பட்டறையில் மேஸ்திரி. மகள் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள்; வேதியியலில் கெட்டிக்காரி. பெரியப்பா தனக்குத் தெரிந்த தனியார் கல்லூரியில் 'செயற்கை நுண்ணறிவு' படிப்புக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசிவிட்டார். பணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டுமாம். "இதை விட்டால் பிள்ளை பின்தங்கிவிடுவாளோ?" என்று அப்பா கேட்டார்.

ஐயா, அந்தப் பத்திரத்தைத் தொடாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்படியிருக்க, எதற்குக் கடன்?

ஒரு மணி நேரம் வாய் திறக்காத உங்கள் மகள், சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நீங்கள் அழைத்துப் போனதைப் பற்றிக் கேட்டதும் மடமடவென்று பேசினாள். காற்றூட்டும் தொட்டியின் பழுப்புத் தண்ணீரை ஆபரேட்டர் ஒரு லிட்டர் அளவுஜாடியில் ஊற்றி வைத்தாராம். அரை மணி நேரம் கசடு இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "அது படியும் விதத்தை வைத்தே தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்லிவிட்டார், சார்!" இப்படிப்பட்ட பிள்ளைக்கு வேதிப் பொறியியல்தான் பொருத்தம்.

செயற்கை நுண்ணறிவும் அங்கே காத்திருக்கிறது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்க ஊதுகருவிகள் இரவு பகலாக ஓடுகின்றன. பல நிலையங்களில் மின்செலவில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது. வருகிற தண்ணீரிலுள்ள கழிவின் அளவோ மணிக்கு மணி மாறும். கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதை வைத்து அதை அளக்கும் பி.ஓ.டி. சோதனைக்கு மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். முடிவு வரும்போது அந்தத் தண்ணீர் எப்போதோ வெளியேறியிருக்கும். உணரிகள் தரும் அளவுகளையும் பழைய பதிவுகளையும் வைத்து, அடுத்து வரப்போகும் கழிவுச் சுமையைக் கணித்து, காற்றைக் கூட்டவும் குறைக்கவும் மென்பொருளால் முடியும். தண்ணீரை வடிகட்டும் சவ்வு அடைபடுவதையும் முன்கூட்டியே சொல்லும். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பின் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தம் செய்து மீட்க வேண்டியிருக்கிறது. மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சவே எவ்வளவு எரிபொருள் போகிறது! அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் நொய்யல் ஆற்றுக்கும் முதலாளிக்கும் லாபம்.

உணரியில் பாசி பிடித்தால் அது தப்பான எண்ணைக் காட்டும். கணினியும் அதை நம்பிவிடும். அளவுஜாடியைப் பார்த்துப் பழகிய கண்தான் அதைக் கண்டுபிடிக்கும். நிரல் எழுதுவதை அவள் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளில் இலவசமாகவே கற்கலாம். பட்டம் முடித்ததும், எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2021 முதல் இருக்கும் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல் தாளை எழுதட்டும். அதில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

ஒன்றை மறைக்க மாட்டேன்: தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவாக இருக்கலாம். நாற்றமும் இரவுப் பணியும் உண்டு. அவளிடம் அதையும் சொன்னேன். "பரவாயில்லை சார்" என்றாள்.

கலந்தாய்வின் விருப்பப் பட்டியலை நிரப்பும்போது கணினி முன் அவளே உட்காரட்டும். பெரியப்பாவின் தொலைபேசி எண்ணை எனக்கு அனுப்புங்கள். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.