சோலைக்குள் மழை: கேள்வி பதில்

கோத்தகிரியிலிருந்து ஒருவர்: ஐயா, அரை மணி நேரம் தூறியும் எங்கள் மலைச் சோலைக்காட்டுக்குள் தரை நனையவில்லை. அந்த மழை எங்கே போகிறது?

இலைகளும் கிளைகளும் அவற்றில் அப்பியிருக்கும் பாசியும் முதல் மழையைத் தம்மேல் ஏந்திக்கொள்கின்றன. அவை நிறைந்த பிறகே நீர் தாராளமாகக் கீழே இறங்கும். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஓரிரு மி.மீ. தூறலில் பெரும்பகுதி மேலேயே தங்கி ஆவியாகிவிடும். அடைமழையில் கணக்கே வேறு: 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியபோது இலைகள் பிடித்து வைத்தது மிகச் சொற்பமாகவே இருந்திருக்கும்.

குன்னூரிலிருந்து ஒருவர்: அப்படியானால் நீருக்குப் புல்வெளியே மேலா?

ஓடையில் வரும் நீரின் அளவை மட்டும் பார்த்தால், தைலமரத்தைவிடப் புல்வெளியே மேல். உதகைக்கு அருகே கிளன்மார்கனில் இரண்டு புல்வெளி நீர்ப்பிடிப்புகளை (ஓர் ஓடைக்கு மழைநீர் வடிந்து சேரும் நிலப்பரப்புகளை) எடுத்துக்கொண்டு, ஒன்றின் பெரும்பகுதியில் தைலமரம் நட்டு, மற்றதை அப்படியே விட்டு, பல ஆண்டுகள் ஓடைநீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டில் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய கட்டைகள் மறுபடி துளிர்த்து வளர்ந்த அடுத்த சுற்றில் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடானது. கோடையில் ஊற்று மெலிவதுதான் இதில் நம்மை உறுத்த வேண்டிய செய்தி. இலைகள் மழையைத் தடுப்பது ஒரு பங்கு. வேர்கள் ஆழத்து ஈரத்தை உறிஞ்சுவது மறு பங்கு. ஆனால் மெதுவாக வளரும் சோலை மரங்களையும் தைலமரத்தையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். சோலையின் இலைச்சருகை விலக்கிக் கையை நுழைத்தால், மணிக்கட்டு வரை பொலபொலப்பான கறுப்பு மண். அந்த மண் மழையை ஓடவிடாமல் உள்ளே வாங்கும்.

கொடைக்கானலிலிருந்து ஒருவர்: மழைமானி காய்ந்திருக்கிறது, மரம் மட்டும் சொட்டுகிறதே?

மூடுபனியின் நுண்துளிகள் இலையிலும் பாசியிலும் மோதித் திரண்டு சொட்டுகின்றன. திறந்தவெளி மழைமானி அதைப் பிடிக்காது.

பூம்பாறையிலிருந்து ஒருவர்: பூண்டு வயலோரத்துச் சீகை (வாட்டில்) மரங்கள் எவ்வளவு மழையைத் தடுக்கின்றன என்று நானே அளக்கலாமா?

தாராளமாக. ஒரே வாயகலமுள்ள டப்பாக்களில் ஒன்றை வெட்டவெளியிலும், ஏழெட்டை மரங்களுக்கடியிலும் வைத்து, சராசரியை ஒப்பிடுங்கள். கிளை நுனியில் கூடுதலாகவும் நடுவே குறைவாகவும் சொட்டும் என்பதால், அடியிலுள்ளவற்றை ஒவ்வொரு மழைக்கும் இடம் மாற்ற வேண்டும். அடிமரத்தில் வழியும் நீர் டப்பாவில் விழாது. அதற்கு மரத்தைச் சுற்றிப் பிளந்த ரப்பர் குழாயைச் சரிவாகக் கட்டி, ஒரு குடத்தில் இறக்கிவிடுங்கள்.