ஹவாய் போனால் பேர்ல் ஹார்பருக்கு நேரம் ஒதுக்கலாமா?

'கடற்கரைக்கும் எரிமலைக்குமே நாள் பத்தாது, இதில் போர் நினைவிடம் வேறா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பேர்ல் ஹார்பர் ஒவாஹு தீவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் துறைமுகம். அந்தத் தீவில் தங்குவதாக இருந்தால் அரை நாள் ஒதுக்குங்கள், போதும்.

பார்க்க வேண்டியது அரிசோனா போர்க்கப்பல் நினைவிடம். இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் 7 காலை ஜப்பான் இந்தத் துறைமுகத்தைத் தாக்கியபோது, ஜப்பானிய விமானம் போட்ட குண்டு கப்பலின் வெடிமருந்துக் கிடங்கைப் பற்றவைத்தது. சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. இறந்தவர்கள் 1,177 பேர். அவர்களில் 900-க்கும் மேற்பட்டவர்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். கப்பலை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் படாமல் குறுக்காக ஒரு வெள்ளை மண்டபம் கட்டி 1962-ல் திறந்தார்கள். கடற்படைப் படகில்தான் போக முடியும்.

இறங்கியதும் எல்லோரும் பெயர் பொறித்த பளிங்குச் சுவரைப் பார்த்து நடப்பார்கள். நீங்கள் முதலில் ஓரமாக நின்று தண்ணீரைப் பாருங்கள். துருவேறிய இரும்பு, அதைச் சுற்றி மீன்கள். கொஞ்சம் பொறுத்தால் ஒரு சொட்டு எண்ணெய் மேலே வந்து வானவில் நிறத்தில் படரும். தாக்குதலுக்கு முதல் நாள்தான் ஏறக்குறைய 15 லட்சம் கேலன் எரிபொருள் நிரப்பியிருந்தார்கள். 80 வருஷம் தாண்டியும் கசிகிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் வாடையும் வரும்.

அப்புறம் சுவருக்குப் போங்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து இருக்கும். அண்ணன் தம்பிகள் பலர் ஒரே கப்பலில் வேலை பார்த்தார்கள். முன்னால் தாழ்வாக இருக்கும் கல்லில் உள்ளவை, அன்று உயிர் தப்பி, பிறகு வயதாகி இறந்தவர்களின் பெயர்கள். தங்கள் சாம்பலை அந்தக் கப்பலுக்குள்ளேயே வைக்கச் சொல்லியிருந்தார்கள். முக்குளிப்போர் கீழே கொண்டுபோய் வைத்தார்கள்.

மண்டபத்தை வடிவமைத்த ஆல்ஃபிரட் பிரைஸ், நாஜிகளுக்குப் பயந்து ஆஸ்திரியாவிலிருந்து ஓடிவந்தவர். ஆஸ்திரியா அப்போது ஜெர்மனியின் கையில் இருந்ததால், தாக்குதல் நடந்ததும் அவரையே எதிரி நாட்டுக்காரர் என்று அமெரிக்கர்கள் பிடித்து அடைத்தார்கள். இந்தக் கூத்தை வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை. நிதி திரட்ட 1961-ல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி கச்சேரி நடத்தியதை மட்டும் மறக்காமல் சொல்வார்கள்!

அனுமதி இலவசம், முன்பதிவுக்கு 1 டாலர். இணையத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் வாரக்கணக்கில் முன்னாலேயே போட்டுவிடுங்கள். கைப்பை, முதுகுப்பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். வெளியே காசு கட்டி வைக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் மிசௌரி கப்பலுக்குத் தனிக் கட்டணம். ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டது அதன் மேல்தளத்தில்தான். பீரங்கி பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் கூட வந்தால் போங்கள், இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் நல்ல மீன் சாப்பாடு சாப்பிடலாம்.