வெந்த பாறையும் வேகாத பாறையும்

அன்புள்ள ஐயா,

போன ஜூலையில் ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை யெல்லோஸ்டோனுக்கு அழைத்துப் போனேன். அங்குள்ள பெரிய பள்ளத்தாக்கையும் அருவியையும் ஆர்ட்டிஸ்ட் பாயிண்ட்டில் நின்று பார்த்தோம். அழகுதான், ஆனால் காலண்டரில் பார்த்ததையே மறுபடி பார்த்த மாதிரி இருந்தது. இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். மஞ்சள் பாறையெல்லாம் கந்தகம் என்றார் அப்பா. வெந்நீர் ஊற்றுகளிடம் வந்த பரவசம் இங்கே ஏன் வரவில்லை? செப்டம்பரில் தனியாக இன்னொரு முறை போகலாமா என்று யோசிக்கிறேன்.

கு., டென்வர்

அன்புள்ள கு.,

முதல் முறை நானும் அதே இருபது நிமிடம்தான் நின்றேன். நாம் நின்ற இடம் அப்படி.

அந்த இடத்தின் பெயரே ஒரு குழப்பத்தில் வந்தது. 1871இல் ஹேடன் என்ற நிலவியலாளர் தலைமையில் யெல்லோஸ்டோனுக்குப் போன ஆய்வுக்குழுவில் தாமஸ் மோரன் என்ற ஓவியர் இருந்தார். அவருடைய நீர்வண்ணப் படங்களும் ஜாக்சன் எடுத்த புகைப்படங்களும் வாஷிங்டனில் காட்டப்பட்டன. 1872 மார்ச் 1 அன்று யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவாக்கும் சட்டம் கையெழுத்தானது. அதே வருடம் மோரன் பள்ளத்தாக்கைப் பிரம்மாண்டமான எண்ணெய் ஓவியமாக முடிக்க, அமெரிக்க காங்கிரஸ் அதை 10,000 டாலருக்கு வாங்கியது. பிற்பாடு வந்த ஹேன்ஸ் என்ற புகைப்படக்காரர், மோரன் இங்கேதான் நின்றிருப்பார் என்று நினைத்து ஆர்ட்டிஸ்ட் பாயிண்ட் என்று பெயர் வைத்துவிட்டார். மோரன் நின்றதோ எதிர்க்கரையில், வடக்கு விளிம்பில். அப்புறம் வந்தவர்களெல்லாம் இந்த ஒரே கோணத்தில் எடுத்துத் தள்ளியதுதான் உங்கள் காலண்டர்.

கந்தகம் பற்றி அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்த மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் இரும்பின் வேலை. பள்ளத்தாக்கின் சுவர் ரையோலைட் என்ற எரிமலைப் பாறை. நீங்கள் பரவசப்பட்ட அதே வெந்நீரும் ஆவியும் நெடுங்காலம் அதற்குள் புகுந்து அதை வேகவைத்துவிட்டன. உள்ளிருந்த இரும்பு காற்றும் நீரும் பட்டுத் துருவாகி நிறம் காட்டுகிறது. வெந்த பாறை பொலபொலவென்று ஆகிவிடும் இல்லையா, ஆறு அதைச் சுலபமாக அரித்துக்கொண்டு போய்விட்டது. வேகாத கெட்டிப் பாறை மட்டும் அசையாமல் நின்றது. இரண்டும் சேரும் இடத்தில்தான் கீழ் அருவி 308 அடி விழுகிறது. நயாகராவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். ஊற்றுகள் வேறு, பள்ளத்தாக்கு வேறு என்று நாம் தனித்தனியாகப் பார்த்துவிட்டு வருகிறோம். இரண்டையும் செய்தது ஒரே அடுப்பு. இன்றைக்கும் சுவரில் அங்கங்கே ஆவி புகைவதைப் பார்க்கலாம்.

இது தெரிந்த பிறகு இரண்டாம் முறை போனபோது வடக்குக் கரையிலிருந்து அருவியின் தலைமாட்டுக்கே இறங்கினேன். வளைந்து வளைந்து 600 அடி இறக்கம். ஆறு சும்மா ஓடிவந்துகொண்டே இருக்கிறது, சட்டென்று தரை இல்லை. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. தண்ணீர் கவிழும் இடத்தில் வெள்ளை நுரைக்கு நடுவே ஒரு பச்சைப் பட்டை தெரியும். விளிம்பில் ஒரு பள்ளம் இருப்பதால் அங்கே மட்டும் நீர் ஆழமாக, நுரைக்காமல் கவிழ்கிறது. ஆர்ட்டிஸ்ட் பாயிண்ட்டில் நின்றபோது இதை நான் கவனிக்கவே இல்லை. அந்தப் பட்டையையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் கூட்டம் குறையும், சரி. தண்ணீரும் குறையும். பனி உருகும் காலத்து உச்சத்தில் நொடிக்கு 63,500 கேலன் விழும் அருவி, இலையுதிர் காலத்தில் 5,000 வரை இளைத்துவிடும். என்னைக் கேட்டால் ஜூன். வாகன நெரிசல் இருக்கும், போதாததற்கு ஹேடன் பள்ளத்தாக்கு என்ற புல்வெளியில் காட்டெருமைகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். நின்றால் நிற்கட்டும்.

தனியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. அப்பா அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால் 109 அடி விழும் மேல் அருவியின் விளிம்புக்குக் கூட்டிப் போங்கள், கொஞ்ச தூர நடைதான். கீழ் அருவிக்கு நீங்கள் மட்டும் இறங்குங்கள். ஊட்டியை விட உயரமான இடம், திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும். பாட்டிலை நிரப்பிக்கொண்டு போங்கள். அத்தனை தண்ணீருக்குப் பக்கத்தில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.