தொழிலாளர் பாதுகாப்புக்குச் சட்டம் போட்டால் மட்டும் போதுமா?

போதாது. ஆனால் சட்டம் இல்லாமலும் ஒன்றும் நடக்காது. எனக்குக் கிட்டத்தில் தெரிந்த ஒரு சட்டத்தை வைத்தே சொல்கிறேன்: துணிக்கடை, நகைக்கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்காரும் உரிமை.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம், 1947ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம், அவ்வளவுதான். இதற்கெல்லாம் ஒரு சட்டமா என்று தோன்றலாம். ஆனால் 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்றபடி வேலை செய்யும் தொழிலாளிக்கு உட்கார வசதி கொடு என்று அப்போதே சொல்லிவிட்டது. மில்லில் நிற்பவருக்குக் கிடைத்தது கடையில் நிற்பவருக்கு வந்து சேர எழுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!

என் அக்கா ஒரு பெரிய துணிக்கடையில் புடவைப் பிரிவில் இருந்தார். ஆள் வராத நேரத்திலும் பிரித்த புடவையை மடித்து அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ரேக்கில் லேசாகச் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வந்துவிடுவார், தீபாவளி சீசனில் சாப்பிடப் போகும் நேரம்தான் உட்காரும் நேரம். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும், ராத்திரி காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுப்பார். சட்டம் வந்த பிறகு கவுண்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது, சரி, ஆனால் யாரும் உட்காரவில்லை. முதலில் யார் உட்காருவது? பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்து கடை ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள், வேலை போனால் அன்றைக்கே தங்க இடமும் போய்விடும்.

ஆய்வாளர் வந்தால் ஸ்டூல் இருக்கிறதா என்று பார்க்க முடியும். உட்கார விடுகிறார்களா என்பது உள்ளே இருப்பவர் வாய் திறந்தால்தான் தெரியும், தனியாளாக யாரும் திறக்க மாட்டார்கள். சங்கம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கேரளத்தில் நமக்கு முன்னாலேயே, 2018இல், இந்த உரிமை வந்தது. அதற்குப் பின்பலமாகக் கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி தொடங்கிய ‘பெண்கூட்டு’ என்ற பெண்கள் அமைப்பு இருந்தது. கடைப் பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லை என்பதில் ஆரம்பித்து, பல வருடம் தெருவில் நின்று கேட்டு வாங்கினார்கள்.

இங்கே சங்கம் வைப்பதே பெரும்பாடு. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள், அப்புறம் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. அத்தனை பேர் ஒன்றாக நின்ற ஆலையிலேயே இந்த நிலை என்றால், ஹாஸ்டலில் இருக்கும் இருபது வயதுப் பெண் என்ன செய்வாள்? அதனால் சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயம் வேண்டும் என்பேன்: புகார் கொடுத்தவரை, சங்கம் சேர்த்தவரை வேலையை விட்டு அனுப்பினால் முதலாளிக்கு உறைக்கும்படி தண்டனை, ஆய்வாளர் மேனேஜர் அறையில் உட்காராமல், ஹாஸ்டலுக்குப் போய் அந்தப் பெண்களிடம் தனியாகக் கேட்டு எழுத வேண்டும் என்ற கட்டாயம்.