பாலத்துக்குக் கீழே என்ன சாலை?

கேள்வி: அய்யர்பங்களாவில் பறக்கும் பாலத்துக்குக் கீழே கடை வைத்திருக்கிறோம். விசிட்டிங் கார்டில் 'நத்தம் ரோடு அண்டர்பாஸ்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்தோம். அமெரிக்காவில் இருக்கும் மகன் சிரிக்கிறான், 'சர்ஃபேஸ் ஸ்ட்ரீட்' என்று மாற்றச் சொல்கிறான். எது சரி? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: மகன் சிரித்தது நியாயம். மாற்றச் சொன்னதுதான் அநியாயம்.

ஓவர்பாஸ், அண்டர்பாஸ் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வழிகளுக்கான சொற்கள். மேலே ரயில் குறுக்கே ஓட, கீழே நாம் நுழைந்து போகிறோமே கர்டர் பாலம், அது அண்டர்பாஸ். பெயரில் பாலம் இருந்தாலும் மழை நாளில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். அதை நாம் சப்வே என்றும் சொல்வோம். ஆனால் மகனிடம் அப்படிச் சொல்லாதீர்கள், பாதாள ரயிலைத் தேடுவார். லண்டன்காரருக்கோ சப்வே என்றால் நடந்து போகும் சுரங்கப்பாதை.

உங்கள் பாலம் எதையும் குறுக்கே தாண்டிவிட்டு உடனே இறங்குவதில்லை. தல்லாகுளம் பக்கம் ஏறி, செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டர், நத்தம் சாலையின் தலைக்கு மேலேயே அதே திசையில் ஓடுகிறது. 2023-ல் திறந்தபோது அரசு சொன்ன எலிவேட்டட் காரிடார்தான் பொருத்தமான பெயர், எலிவேட்டட் ரோடு என்றாலும் போதும். ஃப்ளைஓவர் என்பது காளவாசல் சந்திப்பைத் தாண்டுகிற மாதிரிப் பாலத்துக்குத்தான் சரி. இருந்தாலும் நம் ஊர் ஆங்கிலத்தில் தூணில் நிற்கும் எல்லாமே ஃப்ளைஓவர்தான், அதில் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சரி, கீழே இருப்பது? சர்ஃபேஸ் ஸ்ட்ரீட் என்பது ஃப்ரீவேயிலேயே வாழ்கிறவர்கள், அதை விட்டு இறங்கினால் வருகிற சாதாரணத் தெருவுக்கு வைத்த பெயர். கார்டில் அதைப் போட்டால் எந்த ஆட்டோக்காரருக்கும் புரியாது. பொறியாளர்கள் அட்-கிரேடு ரோடு, அதாவது தரைமட்டச் சாலை, என்பார்கள், அது வரைபடத்தோடு இருக்கட்டும். சிலர் சர்வீஸ் ரோடு என்கிறார்கள், எனக்கு எரிச்சல் தருவது அதுதான். சர்வீஸ் ரோடு என்றால் பெரிய சாலையின் ஓரமாக, கடைக்கும் வீட்டுக்கும் போய்வரப் போடும் துணைச் சாலை. இங்கே கீழே இருப்பதுதான் அசல் நத்தம் சாலை. பஸ் நிற்பதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடப்பதும் அங்கேதான். நேற்று வந்தது மேலே இருப்பது. மூத்தவரைப் போய் எடுபிடி என்று கூப்பிடலாமா?

அதனால் கார்டில் 'நத்தம் ரோடு, அய்யர்பங்களா' என்று மட்டும் போடுங்கள். அடியில் சின்ன எழுத்தில் 'அண்டர் த ஃப்ளைஓவர்' என்றால் போதும். இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தால் 'டோன்ட் டேக் த ஃப்ளைஓவர்' என்றும் சேர்த்துவிடுங்கள். மேலே ஏறிவிட்ட வாடிக்கையாளர் உங்கள் கடையைத் தாண்டிப் போய்விட்டுத்தான் போன் செய்வார்.