படம் வைத்த வாழ்த்து அட்டை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பிறந்தநாளோ மணநாளோ, படம் வைத்து வண்ணமாக ஒரு டிஜிட்டல் அட்டை செய்வது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் கொட்டிவிட்டன. வந்த வரிசையிலேயே எழுதுகிறேன். போனில் அழிந்த படத்தை மீட்பது என் துறை இல்லை, அதைக் கேட்ட மூவரும் மன்னிக்கவும்.

கேள்வி: ஆயிரம் டெம்ப்ளேட் இருக்கிறது, எதை எடுப்பது? கண்ணைப் பறிக்கிற மாதிரி கலர்ஃபுல்லாக வேண்டும்.

டெம்ப்ளேட்டை மூடிவிட்டு முதலில் படத்தை முடிவு செய்யுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான வட்டச் சட்டம் ஒன்றில் மனம் போய்விடும், நான்கு பேர் நிற்கிற படத்தை அதற்குள் திணிப்பார்கள், ஓரத்தில் நிற்பவருக்குப் பாதி முகம்தான் மிஞ்சும். படத்தில் எங்கே காலியாக இருக்கிறது என்று பாருங்கள். வானம், வெற்றுச் சுவர், புல்தரை எதுவானாலும் சரி, எழுத்து உட்காரும் இடம் அதுதான். இடப்பக்கம் காலி என்றால் இடப்பக்கம் எழுத்து வருகிற டெம்ப்ளேட்டுகளை மட்டும் பாருங்கள், ஆயிரம் பத்தாகிவிடும்.

நிறத்தையும் படத்திலிருந்தே எடுங்கள். குழந்தை மஞ்சள் சட்டை, பின்னால் ஊதா பலூன் என்று வைத்துக்கொள்வோம். சொட்டுக்குழாய் போன்ற ஐகான் ஒன்று பெரும்பாலான செயலிகளில் இருக்கும், அதைச் சட்டையின் மேல் வைத்தால் அதே மஞ்சள் கையில் வந்துவிடும். சட்டத்துக்கு ஊதா, பெயருக்கு மஞ்சள், மீதிக்கு வெள்ளை. மூன்று நிறம் போதும். கலர்ஃபுல் என்றதும் பன்னிரண்டு நிறத்தைக் கொட்டினால் கண் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அலையும், முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கும்.

கேள்வி: அம்மாவின் 60வது பிறந்தநாள். ஆல்பத்தில் ஒட்டிய பழைய படம் ஒன்றுதான் இருக்கிறது.

ஸ்கேனர் கிடைத்தால் 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து எடுங்கள், 3 அங்குலப் படம்கூட 1800 பிக்சல் தரும். இல்லையென்றால் மேலே இருக்கிற பிளாஸ்டிக் தாளை விலக்கிவிட்டு, ஜன்னல் ஓரம், ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். படத்தின் பழுப்பை மட்டும் 'சரி' செய்யாதீர்கள். அதே பழுப்பைச் சட்டத்துக்கும் கொடுத்து, எழுத்துக்கு மட்டும் ஒரு பளிச் நிறம் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: என் திரையில் பளிச்சென்று இருந்த அட்டை, வாட்ஸாப்பில் போனதும் மங்கிவிட்டது.

படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். 2023இல் வந்த எச்டி தேர்வு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் சுருக்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும். உங்களுக்கு வந்த படத்தை அட்டையில் வைப்பதானாலும் இதே கதைதான்: ஃபார்வர்டில் வந்ததை வைக்காதீர்கள், எடுத்தவரிடம் அசலைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து. ஓரமெல்லாம் கசிந்த மாதிரி இருக்கிறது. ஃபான்ட் கோளாறா?

நல்ல கேள்வி, யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். ஃபான்ட் மேல் பழி இல்லை. படங்களைச் சேமிக்கிற வழக்கமான கோப்பு வடிவம் ஜேபெக். அது படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைச் சுமாராகவும்தான் பார்க்கும் என்பதால், நிறத் தகவலை மட்டும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துச் சேமிப்பது வழக்கம். முகத்தில் இது தெரியாது. சிவப்பும் நீலமும் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து நிறத்தில் மட்டும் மாறுபட்டால், எழுத்தின் ஓரத்தைக் காட்டுவதே அந்தப் பாதித் தகவல்தான். கசியாமல் என்ன செய்யும்? வெள்ளை எழுத்து வையுங்கள், அல்லது எதையும் இழக்காமல் சேமிக்கிற பிஎன்ஜி வடிவத்தில் சேமியுங்கள். அப்புறம் அதை டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கேள்வி: எழுத்து மட்டும் தனியாக, பின்னணி இல்லாமல் பிஎன்ஜி செய்து அனுப்பினேன். பின்னணி கறுப்பாகப் போயிருக்கிறது.

ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணி கிடையாது. வழியில் ஜேபெக்காக மாறியபோது அந்த இடத்தில் கறுப்பை நிரப்பிவிட்டது. நீங்களே ஒரு நிறம் வைத்துவிடுங்கள்.

கேள்வி: அனுப்பியதும் படம் தெளிவாக இல்லையே?

மேலே வாட்ஸாப் கேள்விக்குப் போய்ப் பாருங்கள். டாக்குமெண்ட்.

கேள்வி: அட்டையில் 'வாழ்த்துக்கள்' சரியா, 'வாழ்த்துகள்' சரியா?

நான் வாழ்த்துகள் என்றுதான் போடுகிறேன்.

(இதற்குக் கீழே நாற்பது பதில் வந்துவிட்டது, படம் பற்றிக் கேட்டவர்களே இதில் இறங்கிவிட்டார்கள். ஒருவர், வாழ்த்து என்பது வன்றொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்யை அடுத்து, சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கிற உகரம்), அதன்பின் வல்லினம் மிகும், 'பத்துப்பாட்டு' என்று சொல்கிறோமே என்கிறார். இன்னொருவர், அது இரண்டு சொல் சேரும்போதுதான், 'கள்' வெறும் பன்மை விகுதி, நடுவில் க் போட்டால் குடிக்கிற கள்ளாகிவிடும் என்கிறார். அப்படியானால் பூக்கள், ஈக்கள் எல்லாம் என்ன என்று மூன்றாமவர். அவை ஓரெழுத்துச் சொற்கள், அது வேறு கணக்கு ஐயா. விகுதி என்ற வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் பழைய அச்சுப் புத்தகங்களில் 'எழுத்துக்கள்' தாராளமாக இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. எதைப் போட்டாலும் அட்டை வாங்குகிறவர் சந்தோஷப்படுவார். அவருடைய பெயரில் எழுத்துப் பிழை இருந்தால்தான் சந்தோஷப்பட மாட்டார். அதைப் பற்றி இந்த நாற்பதில் ஒருவரும் கேட்கவில்லை.)

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு நண்பரின் மணநாளுக்கு இரண்டு இரவு உட்கார்ந்து அட்டை செய்து, குடும்பக் குழுவில் போட்ட பிறகுதான் பார்த்தேன், கீழே வலது மூலையில், சின்ன சாம்பல் எழுத்தில், 'உங்கள் பெயர் இங்கே'. டெம்ப்ளேட்டோடு வந்தது. இப்போதெல்லாம் அட்டையைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன்.

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் தமிழ் அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

பழைய பதிப்பு என்றால் விருப்பத்தேர்வுகளில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புதுக் கோப்பில் அடித்துப் பாருங்கள். பாமினி மாதிரி பழைய ஃபான்ட் என்றால் யூனிகோட் (இன்றைய போனும் கணினியும் பயன்படுத்துகிற பொது எழுத்துக் குறியீடு) எழுத்தை அது காட்டவே காட்டாது. பலூ தம்பி, கவிவனார் இரண்டும் யூனிகோட், இலவசம், கொண்டாட்ட அட்டைக்குப் பொருந்தும்.

கேள்வி: எழுதிப்போட ஒரு நாலு வரிக் கவிதை தர முடியுமா?

கவிதை எனக்கு வராது. அவர் உங்களைக் கூப்பிடுகிற செல்லப்பெயரைப் போடுங்கள், கவிதையைவிட அது நன்றாக இருக்கும்.

கேள்வி: குழந்தையின் முதல் பிறந்தநாள் அட்டையில் முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த மருத்துவமனை எல்லாம் அழகாகப் போட்டிருக்கிறேன். எப்படி இருக்கிறது?

அழகாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள். அட்டை உங்கள் குழுவோடு நிற்காது. செல்லப்பெயரும் '1' என்ற எண்ணும் போதும். அசல் படத்தை டாக்குமெண்டாக அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் குறிப்பும் கோப்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு போகலாம், அதையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: அசையும் அட்டையை ஜிஃப்பாகச் சேமித்தேன், வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது.

ஜிஃப்பில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான். எம்பி4 ஆகச் சேமியுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் அனுப்பிய அட்டை அவர்களுக்கு மங்கலாக...

டாக்குமெண்ட், தம்பி. டாக்குமெண்ட்.