கட்சிக்கு நன்கொடை கொடுத்தது யார், டெண்டர் யாருக்குப் போனது: தேடிப் பார்ப்பது எப்படி?

கேள்வி: எங்கள் நகராட்சியில் குப்பை அள்ளும் வேலையை ஒரு தனியார் நிறுவனம் எடுத்திருக்கிறது. ஒரு கட்சிக்குப் பெரிய தொகை கொடுத்துத்தான் வேலையைப் பிடித்தார்கள் என்று ஊரில் பேச்சு. பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் கொடுக்க வங்கியில் வாங்கும் தேர்தல் பத்திரத்தையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. என்னைப் போன்ற சாதாரண ஆள் இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெருமளவு முடியும். ஆனால் நன்கொடையிலிருந்து தொடங்காதீர்கள், ஒப்பந்தத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் நிறுவனத்தின் பதிவுப் பெயர் வேண்டும். லாரியில் எழுதியிருக்கும் பெயரே பதிவுப் பெயர் என்று நம்பிவிடக் கூடாது. நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள். பணி ஆணை, ஒப்பந்த நகல், டெண்டரில் கலந்துகொண்ட எல்லோருடைய பெயர், அவர்கள் கேட்ட விலை, இவ்வளவும் வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று விசாரிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. சட்டத்தின் 6(2) பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. 'வணிக ரகசியம்' என்று மறுத்தாலோ, 30 நாளில் பதில் வராவிட்டாலோ முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கையெழுத்தாகி, மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற ஒப்பந்தத்தில் அப்படி ரகசியம் என்ன இருக்கிறது?

பெயர் கிடைத்த பிறகு நன்கொடைக்கு வருவோம். 2019 ஏப்ரல் 12 முதல் 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வரும் வரை வாங்கப்பட்ட பத்திரங்களின் விவரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கிறது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2024 மார்ச் 14-ல் வந்த பட்டியல்களில் வாங்கியவர் ஒரு பக்கம், பணமாக்கிய கட்சி இன்னொரு பக்கம். இரண்டையும் இணைக்க வழி இல்லை. ஒவ்வொரு பத்திரத்திலும் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் ஓர் எண் இருந்தது. நீதிமன்றம் விடாப்பிடியாகக் கேட்ட பிறகுதான், பத்திரங்களை விற்ற ஸ்டேட் பேங்க் அந்த எண்களைக் கொடுத்தது. மார்ச் 21-ல் வெளியான அந்தப் பட்டியலைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். அதிகம் வாங்கிய லாட்டரி நிறுவனமான ஃப்யூச்சர் கேமிங் (1,368 கோடி) யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதெல்லாம் அதில் எண் எண்ணாகத் தெரியும். திமுகவுக்கு மட்டும் 500 கோடிக்கு மேல். மொத்தத்தில் அதிகம் பெற்றது பாஜக, சுமார் 6,000 கோடி. உங்களுக்குப் பிடித்த கட்சியையும் சேர்த்தே தேடுங்கள்.

ஒரே பெயரைத் தேடிவிட்டு விடக் கூடாது. மேகா எஞ்சினியரிங் 966 கோடிக்கு வாங்கியது. அதன் குழும நிறுவனமான வெஸ்டர்ன் யு.பி. பவர் டிரான்ஸ்மிஷன் தனியாக 220 கோடிக்கு வாங்கியது. ஆகவே இயக்குநர்கள் யார், அவர்கள் வேறு எந்தக் கம்பெனிகளில் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் ஒரு கம்பெனியின் ஆவணங்களைப் பார்க்கலாம்.

அதே தளத்தில் லாப நட்டக் கணக்கையும் பாருங்கள். கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுப்பதை 1969-ல் தடை செய்தார்கள், 1985-ல் மறுபடி அனுமதித்தார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம்தான் உச்சவரம்பு. எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்றும் கணக்கில் காட்ட வேண்டும். 2017-ல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. என் பார்வையில் பத்திரத்தைவிட ஆபத்தான மாற்றம் அதுதான். நல்லவேளையாக அந்தத் திருத்தங்களும் அதே தீர்ப்பில் விழுந்தன. ஒப்பந்தக்காரர் கம்பெனியாகப் பதிவு செய்யாமல் தனி ஆளாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ இருந்தால் இந்த வழி உதவாது. அப்போது கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கும் 24ஏ படிவம்தான் கதி. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பெயர் அதில் வரும்.

பத்திரம் போன பிறகும் ஓர் ஓட்டை இருக்கிறது: தேர்தல் அறக்கட்டளைகள். ப்ரூடென்ட் போன்ற அறக்கட்டளைக்குப் பல நிறுவனங்கள் பணம் கொடுக்கும். அது பல கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். கொடுத்தவர் பெயரும் பெற்ற கட்சிகளின் பெயரும் அதன் ஆண்டறிக்கையில் வரும். ஆனால் யாருடைய பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதை மூடும்வரை சீர்திருத்தம் அரைகுறைதான்.

சரி, நன்கொடைத் தேதியும் பணி ஆணைத் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அது சந்தேகத்துக்கு இடம், சாட்சியம் அல்ல. பத்திரங்கள் பற்றிச் சிறப்புப் புலனாய்வு கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தனித்தனிப் புகார்களுக்கு வழக்கமான சட்ட வழி இருக்கிறது என்றது. அதனால் தேதியை மட்டும் வைத்து யாரையும் திருடன் என்று முகநூலில் எழுதிவிடாதீர்கள், அவதூறு வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

நகராட்சியில் அதைவிடப் பலமான ஆதாரம் உண்டு. குப்பைக்கு டன் கணக்கில் பணம் கொடுக்கும் ஒப்பந்தமாக இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி எடைமேடை ரசீதுகளையும் பில்களையும் நேரில் பார்வையிடக் கேளுங்கள். ஒரே லாரி ஒரே நாளில் எத்தனை நடை, எத்தனை டன் என்று கூட்டிப் பாருங்கள். கணக்கு இடித்தால் அந்த நகல்களோடு ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்குப் புகார் எழுதலாம். நன்கொடைப் பட்டியலை அதற்கு இணைப்பாக வையுங்கள்.